நான் இடித்த அடுப்படிச் சுவர்

ஒரு சுவரை இடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலரை அங்குலச் சுவர்தான். கொத்தனார் மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக் கழற்றினார். பதினோரு மணிக்கெல்லாம் எங்கள் ஹாலும் அடுப்படியும் ஒன்றாகிவிட்டன. புழுதி அடங்கியதும் அடுப்பு வரப்போகிற இடத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். வாசற்கதவு தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. ஜன்னலோரம் மாமனாரின் நாற்காலிக்கென்று நான் சாக்பீஸால் போட்டு வைத்திருந்த கட்டமும் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், முப்பது வருஷமா ஸ்ரீரங்கத்துல வேலை பாக்குறேன். அடுப்படிக்கு மறைப்பு கட்டணும்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. இடிங்கன்னு கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான்."

"எல்லாத்துக்கும் ஒரு மொத ஆளு வேணும்ல?" என்றேன்.

வாய் எனக்கு எப்போதுமே நீளம். ஏன் மறைப்பு கட்டச் சொல்கிறார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படிக்கிற காலத்திலிருந்தே கிராஃப் நோட்டின் பின்பக்கங்களில் வீடு வரைந்து பழகியவள். ஒரு கட்டம் ஓர் அடி. எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் மனசுக்குள் அந்த வீட்டின் இரண்டு சுவர்களை நகர்த்தியிருப்பேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இருபத்துநாலு வருடம் கைலாசபுரத்தில், கணவரின் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அங்கே ஓர் ஆணி அடிக்கவும் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அடுப்படியில் அடுப்பு சுவரைப் பார்த்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய். ஹாலில் எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள். நான் கரண்டியோடு "என்னது, என்னது?" என்று ஓடி வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இருபத்துநாலு வருடச் சிரிப்பை நான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டேன். அந்தக் கடுப்பு எனக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் மாமனாருக்காகவே செய்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பாதிக் காரணம் அவர், பாதிக் காரணம் நான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம். நான் வேறு சாதி. எங்கள் கல்யாணத்தை மாமனார் தடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை மாமியாரோடு கைலாசபுரம் வருவார். பேரனோடு விளையாடுவார், என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். "வயிறு சரியில்லேம்மா" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வயிறுதான். நானும் ஒவ்வொரு தடவையும் இலை போட்டு வைப்பேன். மாமியார் மட்டும் என்னைப் பார்க்காமல் இலையை மடக்கி எடுத்து வைப்பார்.

மாமியார் போன பிறகு அவர் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சமையலுக்கு ஒரு மாமி வந்து போவார். ஒருநாள் காலை ஹாலில் வழுக்கி விழுந்து, அந்த மாமி வருகிறவரை எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். யாருக்கும் கேட்கவில்லை. எலும்பு முறியவில்லை, தப்பித்தோம். ஆனால் அன்றிலிருந்து, யாருக்கும் கேட்காமல் தரையில் கிடந்த அந்த நேரம் என் மனசை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். நான் வேலையை விட்டேன். எங்கள் மகன் அதற்குள் படிக்க வெளியூர் போயிருந்தான். அவரை எங்களோடு வந்துவிடச் சொன்னோம்.

"வரேன்" என்றார் போனில். "பெருமாளையும் ஏளப்பண்ணிண்டு வருவேன்." அவர் பூஜை செய்கிற சாளக்கிராமத்தைச் சொன்னார்.

"தாராளமா வாங்க மாமா. நல்ல இடமா ஒதுக்கி வெக்கிறேன்" என்றேன்.

பிறகு கிராஃப் நோட்டை எடுத்தேன். அந்த மூன்று மாதமும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. வீட்டு அலங்கார வீடியோக்களைப் போட்டுப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருப்பேன். அந்த வீடுகளில் சட்டி பானையே கிடையாது. எண்ணெய்த் தூக்கு கிடையாது. மிக்ஸி எங்கே போயிற்றோ தெரியாது. ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன குழம்பு வைக்கிறார்களோ! நான் ஒரு கிழவர் விழாமல் வாழ்வதற்கு வீடு வரைந்துகொண்டிருந்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் ஸ்விட்ச் போர்டு. வாசற்படி எதுவும் தடுக்காமல் ஹாலும் அறையும் ஒரே மட்டம். அடுப்பு மேடை மூலைகள் எல்லாம் வட்டமாக இழைத்தது, இடுப்பில் இடித்தாலும் வலிக்காது. பெருமாளுக்குக் கிழக்குச் சுவரில் கருங்கல் பலகை போட்ட ஒரு மாடம். இதற்கெல்லாம் நடுவில், அடுப்பிலிருந்து தலையைத் திருப்பினால் அவர் தெரிய வேண்டும். சுவர் இருந்தால் தெரியாது. அதனால் இடித்தேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று ஒரு மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

வைகாசியில் பால் காய்ச்சினோம். அவர் மெதுவாக வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடத்தின் முன்னால் நின்று, "பெருமாளுக்கு இடம் நன்னா அமைஞ்சிருக்கு" என்றார். இருபத்துநாலு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அடுப்படிப் பக்கம் திரும்பியவர் அடுப்பையும் வாசற்கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் போய்விட்டார். திறந்த அடுப்படி புதுசு, கண்ணுக்குப் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் முதல் சமையல். விடியலில் குளித்து, வெங்காயம் பூண்டு இல்லாமல், மாமியார் கையைப் பார்த்து மனசில் வைத்திருந்த பக்குவத்தில் வத்தக்குழம்பும் ரசமும் வைத்தேன். அக்கார அடிசிலும் செய்தேன். மாடி வீட்டு அம்மா புதுவீடு பார்க்க வந்தவர் நேரே என் மேடைக்கே வந்துவிட்டார். அதற்காகத்தானே திறந்து போட்டிருக்கிறேன்? பெருமையாக ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினேன். குனிந்து வாசனை பிடித்து, "அடேங்கப்பா, நெய் மணக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமனார் பூஜைக்கு உட்கார்ந்தார். சமைத்ததைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு போனேன். "இதெல்லாம் இருக்கட்டும்மா. பால் இருந்தா போறும், ரெண்டு பழம் குடு" என்றார். பெருமாளுக்குப் பாலும் பழமும் படைத்து, அவர்கள் சொல்கிறபடி கண்டருளப் பண்ணிவிட்டுத் தானும் அதையே சாப்பிட்டார்.

"மாமா, சாதம்?"

"வயிறு சரியில்லேம்மா."

அதே பால், அதே பழம், அதே வயிறு. என் வீட்டுக்கே வந்து, என் கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு, அதே பதில்.

இரண்டாம் நாளும் அப்படியே. நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது கொரியர்காரர் வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டே, "மேடம், மோர்க்குழம்பா? வாசல் வரைக்கும் வருது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை. பாலும் பழமும்தான். மூன்றாம் நாள் தண்ணீர் கேன் போடுகிறவர் உள்ளே வந்து வைத்துவிட்டுப் போனார். அன்றும் பாலும் பழமும்தான். மாமனார் முகம் வற்ற ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. சாப்பிடாமல் கிடந்தால் கட்டாயம் விழுவார். அவர் விழாமல் இருக்கத்தான் இந்த வீட்டையே வரைந்தேன். என் சமையலே அவரைத் தள்ளிவிடும் போலிருந்தது.

கணவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க அப்பாகிட்ட நேரா கேளுங்க. என் கையால சாப்பிடுவாரா, மாட்டாரா?"

"வயசானவர். விட்டுப் பிடிப்போம். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"இருபத்துநாலு வருஷமா நீங்க விட்டுத்தான் பிடிக்கிறீங்க. இன்னும் கைக்கு வரலை."

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சண்டை என்று வந்தால் அவருக்கு எப்போதும் ஒரு பஸ் தயாராக இருக்கும்.

நான்காம் நாள் சாயங்காலம் கணவரே ஒரு யோசனையோடு வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. பழைய வீட்டுல சமைச்ச மாமியையே காலையில வந்து பண்ணச் சொல்லலாமா? அப்பாவுக்கு மட்டும்."

கையில் தேங்காய் மூடி இருந்தது. அதை மேடையில் வைத்துவிட்டேன், வீசிவிடுவேனோ என்ற பயத்தில். நான் ஓர் அடி ஓர் அடியாக வரைந்த அடுப்படியில் வேறொருத்தர் வந்து நின்று சமைக்க, நான் ஹாலில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அந்த மாமி படியேறுகிற நாளிலிருந்து எனக்கு இந்த வீட்டில் என்ன இடம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மாமனார் என் கையால் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இந்த வீடு வீடே இல்லை. அன்று எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

"நாளைக்கு ஒருநாள் பொறுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் வீட்டில் இருந்தார். பதினோரு மணி இருக்கும். ரசம் நுரை கட்டி வருகிற நேரம். மாமனார் பூஜைக்காக நாற்காலியிலிருந்து எழுந்து மேடை ஓரமாக மாடத்துக்கு நடந்தார். முழங்கால் மடங்கியது. நான் அடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணெதிரே நடந்தது. ஓடினேன். அதற்குள் அவரே மேடையின் வட்ட மூலையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். நான் இழைக்கச் சொன்ன அந்த மூலையைத்தான். இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தேன். தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. அத்தனை நாள் அடக்கியதெல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டது.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. நான் சமைக்கிறதாலதான சாப்பிட மாட்டேங்கிறீங்க? உங்களுக்கு நான் ஆகாதுன்னா நேரா சொல்லிடுங்க. பட்டினி கிடந்து காட்டாதீங்க."

கணவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ரசம் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை.

"கைலாசபுரத்துக்கு வந்தப்போ நீ நெனச்சதுதாம்மா காரணம்" என்றார் கடைசியில். "பொய் சொல்ல மாட்டேன். இப்போ அது இல்லே."

"அப்புறம் என்ன?"

"அதை மனசுல வெச்சுண்டு உன் ஆத்துக்கு நான் வருவேனா? வரேன்னு சொன்னப்பவே அதை விட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ பண்றதுல ஒண்ணும் இல்லேம்மா. நீ பண்றதை ஊரே பாக்கறது. பெருமாள் கண்டருளறதுக்கு முன்னாடி தளிகையை, அதான் சமைச்சதை, நாலு பேர் பாக்கப்படாது, வாசனை பிடிக்கப்படாது. இங்கே பெருமாளுக்கு முன்னாடி கொரியர்காரன் பாத்துடறான். அப்படிப் பாத்ததை நான் எப்படி அவருக்கு வெப்பேன்? அவருக்கு வெக்காததை நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டு அம்மாவுக்கு ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டியது ஞாபகம் வந்தது. கொத்தனார் சொன்ன மறைப்பு ஞாபகம் வந்தது.

"உங்களுக்குத் தெரியாதா இது?" என்று கணவரிடம் சீறினேன்.

அவர் முகத்தில் நிஜமான குழப்பம். "எங்க வீட்டுல அடுப்படி எப்பவும் கடைசிக் கட்டுல இருக்கும். யாரும் உள்ள வர மாட்டாங்க. இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் எனக்குச் சொன்னதில்லையே."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்தச் சுவர் இருந்தவரை அதை யாரும் வாயால் சொல்ல வேண்டிய தேவை வந்திருக்காது. நான் என் நோட்டில் சுவரை நாலரை அங்குலம் என்று மட்டும்தான் குறித்திருந்தேன்.

"ஏன் மாமா மொத நாளே சொல்லலை?"

"ஆசையா இடிச்சுக் கட்டியிருக்கே. வந்த அன்னிக்கே மறுபடி கட்டுன்னு சொல்லச் சொல்றியா? அது ஃபேஷன்னு நெனச்சேன். இப்போ எல்லாரும் அப்படித்தானே வெச்சுக்கறா."

"ஃபேஷன் இல்ல மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. "நீங்க அங்க விழுந்து கிடந்தீங்க, கூப்பிட்டும் யாருக்கும் கேக்கலை. அடுப்புல நின்னா நீங்க தெரியணும்னுதான் இடிச்சேன்."

அவர் தலையைத் தூக்கி அடுப்பைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைப் பார்த்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு பேச்சு வேகமாக நடந்தது. நான் பாதிச் சுவர் என்றேன், மேலே தெரியுமே என்றார். கணவர் கேமரா என்றார். மாமனார் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது.

"திரை போட்டா போறுமே" என்றார் மாமனார். "கோயில்லயே திரைதானே? காத்துல தானா வர வாசனைக்குத் தோஷம் இல்லே."

"திரை போட்டா நீங்க விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

யோசித்தார். "நீ தளிகை பண்ற வரைக்கும் நான் இங்கே உக்காந்து பாசுரம் சேவிக்கறேன். வாய்விட்டு. சத்தம் கேட்டா நான் நன்னாயிருக்கேன்னு அர்த்தம். நடுவுல கூப்பிடாதே, பதில் சொல்ல மாட்டேன். சத்தம் நின்னா ஓடி வா."

இதை ஒரு கணக்கு டீச்சராலும் மேம்படுத்த முடியாது. சரி என்றேன்.

சின்னக்கடை வீதியில் கெட்டிப் பருத்தித் துணியாகத் தேடி வாங்கினேன், அடுப்புப் பக்கத்தில் நைலான் ஆகாது. அதே கொத்தனார்தான் வந்து உத்தரத்தில் கம்பி அடித்துக் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லலை டீச்சர்" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "சொல்லித்தான் பாருங்களேன்" என்றேன்.

முதல் நாள் திரைக்குள் நின்றபோது எனக்கு மூச்சு முட்டியது. மறுபடி கைலாசபுரத்துக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் ஆரம்பித்தது. மெல்லிய குரல்தான், ஆனால் தடங்கல் இல்லை. கறிவேப்பிலை கிள்ளும்போதும் காதை அங்கேயே வைத்திருந்தேன். சமைத்து முடித்து மூடி எடுத்துப் போனேன். கண்டருளப் பண்ணினார். இலைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகிறவரை என் கை கரண்டியில் இறுகியிருந்தது. சாப்பிட்டார். அவர்கள் வீட்டில் ரசத்துக்குச் சாத்துமுது என்று பெயர். அவர் என் பக்கம் திரும்பி, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார், என் ஊர்ப் பேச்சில். நான் அடுப்படிக்குப் போய், திரைக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஊற்றினேன்.

அப்படியே ஐந்து மாதம் போயிற்று. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. சாம்பாருக்குப் புளி கரைப்பது எந்தப் பாசுரத்தில், தாளிப்பது எந்தப் பாசுரத்தில் என்று எனக்குக் கணக்கே வந்துவிட்டது. கற்றுக்கொள்ள நினைக்கவில்லை. பக்கத்து வகுப்பில் சொல்லும் வாய்ப்பாடு காதில் ஏறுவதுபோல் ஏறியிருந்தது.

ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கேஸ் குழாய் சோதிக்க வந்தவர் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "பத்து நிமிஷம் பொறுங்க, இப்ப உள்ள வர முடியாது" என்று திரைக்குள்ளிருந்தே சொல்லியிருந்தேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமனார் குரல் நின்றது.

பாட்டுக்கு நடுவில், ஒரு வரியின் பாதியில் நின்றிருந்தது. திரையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். இழுத்தால் வாசலில் நிற்பவர் கண்ணில் அடுப்பு படும், அன்றைய சமையல் போயிற்று, அவர் பாலும் பழமுமாக இருப்பார். இழுக்காவிட்டால், ஒருவேளை தரையில் கிடந்தால்? சமையலாவது ஒன்றாவது என்று இழுக்கப்போன நேரத்தில் குரல் மறுபடி கேட்டது. அதே வரி, முதலிலிருந்து. அதே இடத்தில் நின்றது.

என் கை திரையிலேயே இருந்தது. மூன்றாம் தடவை ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. அதே இடத்தில் நின்றது.

அவர் விழவில்லை. மறந்துவிட்டார்.

ஆறு வயதிலிருந்து சொல்லி வருவதாக ஒருநாள் சொல்லியிருந்தார். எழுபத்தைந்து வருடமாக வாயில் இருந்த வரி. அந்தப் பக்கம் அவர் என்ன பாடுபடுகிறார் என்று திரையைத் தாண்டி எனக்குத் தெரிந்தது. மூச்சு பெரிதாக வந்தது. கைப்பிடியில் விரல் தட்டுகிற சத்தம் வந்தது. அடுத்த சொல் என் நாக்கில் இருந்தது. ஆனால் அதை நான் சொல்லலாமா? இந்த வீட்டு மனுஷர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததை, புளிக் கையோடு நிற்கிற நான் எடுத்துக் கொடுப்பதா? சொல்லிவிட்டால், அவர் மறந்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிடும். அதைத்தான் அவர் தாங்குவாரா என்று பயந்தேன். நாலாவது தடவை அந்த வரியை அவர் எடுத்தபோது பாதிக்குக்கூடப் போகவில்லை.

திரையைத் திறக்காமல், அந்தச் சொல்லைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அதிலிருந்து போனார். கடைசிவரை நிற்காமல் போனார்.

அன்று சாப்பிடும்போது அவர் நிமிரவே இல்லை. எழுந்து கை கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் கணவர் வந்து "என்ன ஆச்சு?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல" என்றேன். சொன்னது தப்போ என்று அன்று முழுக்க எனக்கு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது ஜன்னலோரம் அவர் நாற்காலி இல்லை. கெட்டித் தேக்கு நாற்காலி, அவரே இழுத்திருக்கிறார். புதுத் தரையில் ஜன்னலிலிருந்து அடுப்படி வரை இரண்டு கோடு கீறியிருந்தது. என் கிராஃப் நோட்டின்படி ஒன்பது கட்டம் தள்ளி, திரையை ஒட்டிப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்த் திரையை மூடிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். அவர் ஆரம்பித்தார். நேற்று தடுக்கிய இடத்துக்கு முன்னாலேயே அவராக நிறுத்தினார்.

"எங்கே, நீ சொல்லு" என்றார்.

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுச் சொன்னேன்.